முதல் குழியில் என் ரத்தம்

செவ்வாய்க் கிரகம், பொது மரபணுக்கூடம்
வேலை நாட்குறிப்பு. பொறுப்பு: ச. அருளப்பன்

நாள் 203. காலை 8.10. ஓட்டம் 11.

வெளியே மைனஸ் 61. உள்ளே 22. பெரிய ஃபிரீசர் மைனஸ் 80, சின்னது மைனஸ் 20. இரண்டும் உறுமாமல் ஓடுகின்றன. தண்டவாளப் பெட்டி ஆறரைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே பெருங்குடிலிலிருந்து தக்காளி இலை மாதிரி 24, வடமேட்டிலிருந்து பாசி 30, சுரங்க முகாமிலிருந்து மண் கிருமி 18. எனக்கு இரண்டு கேன் தண்ணீர், ஒரு பொட்டலம் பருப்புப்பொடி.

டாக்டர் யசோதரா பூமிக்குத் திரும்பும்போது, தினமும் எழுதுங்கள், பின்னால் வருகிறவருக்குப் புரியும்படி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னால் வருகிறவர் என்னைவிடப் படித்தவராகத்தான் இருப்பார். அதற்கு அவர் பெரிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் எனக்கு முப்பத்தெட்டு, அதிலும் ஐந்து தவளைப் படத்துக்கு. பிறகு ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு. தூத்துக்குடி ஐஸ் கம்பெனியில் பதினேழு வருடம். இங்கே ஃபிரீசர் பார்க்க வந்தவன், டாக்டர் போனபின் கூடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் ஆபரேஷன் கத்தியைக் கொடுத்த மாதிரி.

இந்தக் கூடம் மூன்று குடியிருப்புகளுக்கும் பொது. ஆர்.என்.ஏ. வாசிக்கும் மெஷின் செவ்வாயில் ஒன்றே ஒன்று. அதை யார் வீட்டில் வைப்பது என்று மூவரும் ஒரு வருடம் சண்டை போட்டு, கடைசியில் மூவருக்கும் சமதூரத்தில், ஒருவருக்கும் உதவாத இடத்தில் கட்டினார்கள். பெருங்குடிலிலிருந்து நாற்பது கிலோமீட்டர். மாதிரிகள் ஆளில்லாத பெட்டியில் வரும். முடிவுகள் ரேடியோவில் போகும். நடுவில் நான்.

நாள் 205. காலை 10.40.

மெஷினின் ஓட்டம் 11 முடிந்தது. தரம் நன்று.

புதிதாக வருகிறவருக்கு ஒரு விளக்கம். டி.என்.ஏ. என்பது ஓட்டல் சுவரில் தொங்கும் மெனு பலகை. அது மாறாது. ஆர்.என்.ஏ. என்பது சர்வர் அடுப்படிக்குக் கொண்டுபோகும் ஆர்டர் சீட்டு. இன்றைக்கு, இந்த நேரத்தில், உடம்பு என்ன கேட்கிறது என்பது சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். சீட்டு சீக்கிரம் கிழியும். விரலால் தொட்டாலே போச்சு, நம் வியர்வையிலேயே அதைத் தின்கிற சாமான் இருக்கிறது. கையுறை, ஐஸ், அவசரம் மூன்றும் வேண்டும். மாதிரிகளை விடும் தட்டில் தொண்ணூற்றாறு குழி. நான் அதைப் பணியாரச் சட்டி என்கிறேன். டாக்டருக்கு அது பிடிக்காது.

டாக்டரின் விதி: எந்த ஓட்டமானாலும் முதல் குழியில் ஆரோக்கியமான மனித மாதிரி ஒன்று. மெஷின் ஒழுங்காகப் படிக்கிறதா என்று அதை வைத்துத்தான் தெரியும். மனித மாதிரிகள் வந்தால், எல்லாவற்றையும் அந்த முதல் குழியோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு என்று கணினி சொல்லும்.

இனி எழுதப்போவது டாக்டருக்குத் தெரியாது. பூமியிலிருந்து நாற்பது சின்னக் குழாய்களில் அந்த ஆரோக்கிய மாதிரி வந்திருந்தது. ஐம்பத்தெட்டாம் நாள் பெரிய ஃபிரீசர் நின்றுபோனது. நான் கதவு ரப்பரை மாற்றிவிட்டு, பிளக்கைத் திரும்பச் சொருக மறந்திருந்தேன். நாற்பதும் உருகி வீணாயின. ஃபிரீசர் பார்க்க வந்தவனின் ஃபிரீசர்! எந்த முகத்தோடு சொல்வது? அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தேன். மூன்றாம் ஓட்டத்திலிருந்து, ஓட்டத்தன்று என் விரலில் குத்தி, முதல் குழியில் என் ரத்தத்தையே விடுகிறேன். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஆரோக்கியமான மனிதன்தானே.

மொத்தமாக எடுத்து உறைய வைத்திருக்கலாம். ஆனால் அந்த ஃபிரீசர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைப் பராமரிப்பவனை எனக்குத் தெரியும்.

நாள் 209. மாலை 4.20.

ஓட்டம் 12. வடமேட்டுப் பாசி, இரண்டாம் தவணை. முதல் குழியில் வழக்கம்போல் அடியேன்.

ஜெசி கூப்பிட்டாள். ஜெசிந்தா என் மகள், பெருங்குடிலில் பசுமைக்கூடம் பார்க்கிறாள். இருபத்தாறு வயது. என்னைக் கேலி செய்வதை உபதொழிலாக வைத்திருக்கிறாள்.

"யப்பா, என் தக்காளி ரிசல்ட் என்னாச்சு? மூணு நாளா உக்காந்து பணியாரம் சுடுதீயளா?"

அனுப்பிவிட்டேன் என்றேன்.

"அது என்ன சத்தம்? எலி மாதிரி?"

என் நாற்காலி. செவ்வாயிலேயே அதிகம் கத்தும் நாற்காலி இதுதான். எண்ணெய் விட வேண்டும் என்று ஆறு மாதமாக நினைக்கிறேன்.

"எந்திரிச்சு உக்காந்து எந்திரிச்சு உக்காந்து... என்ன யப்பா, மூலமா?"

இல்லை, புதுத் தேயிலைத் தூள் கடுப்பாக இருக்கிறது என்றேன். இரண்டு வாரமாகத் தண்ணீர் ருசி மாறியிருக்கிறது என்றும் சொன்னேன். எனக்கு வரும் கேனை நிரப்பும் பெருங்குடில் பெரிய தொட்டியில் சுத்திகரிப்பு வடிகட்டி மாற்றியிருக்கிறார்களாம்.

"எங்களுக்கு அந்தக் கவலை இல்லப்பா. நாங்க அவ்வளவு தூரம் குழாய்க்கு நடக்க மாட்டோம். செடி விடுத மூச்சு கூரையில வேர்த்து வடியும்லா, அதத்தான் பிடிச்சுக் குடிக்கோம். தக்காளி வாசமா இருக்கும்."

சோம்பேறி என்றேன். உங்க பிள்ளதானே என்றாள்.

நாள் 213. காலை 9.05.

பெருங்குடிலிலிருந்து கெட்ட செய்தி. நீர் சுத்திகரிப்பு மெக்கானிக் தேவசகாயம், நேற்றுக் காலை சாப்பாட்டு வரிசையில் நின்றவர், தட்டை வைத்துவிட்டு, வெளிக்கதவைத் திறந்து, கவச உடை இல்லாமல் நடந்து போய்விட்டார். எழுபது அடி தூரம் போயிருக்கிறார். சண்டை இல்லை, கடிதம் இல்லை. ஒரு வாரமாக உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார் என்கிறார்கள்.

தொற்றாக இருக்குமோ என்று பயந்து வடமேடும் சுரங்க முகாமும் கதவைச் சாத்திவிட்டன. ஆளும் வராது, பெட்டியும் வராது, ஊசி குத்தக் கையும் நீட்ட மாட்டோம் என்று அறிவிப்பு.

நான் இந்தக் கூடத்தை அளந்தேன். கதவிலிருந்து ஃபிரீசர்வரை பதினான்கு அடி எடுத்து வைக்கலாம். மனம் சரியில்லாதபோது நடப்பது நல்லது.

நாள் 215. காலை 7.30. ஓட்டம் 13, 14.

பூமியின் மருத்துவக் குழு சொல்லிவிட்டது: தேவசகாயத்தின் மூளையில் வீக்கம். கிருமியேதான். அது நரம்புக்குள் ஒளிந்துகொள்கிறது, ரத்தத்தில் சிக்காது. ஆனால் அதை எதிர்க்க உடம்பு போடும் ஆர்டர் சீட்டு ரத்தத்தில் தெரியும். எனவே பெருங்குடிலில் மிச்சமிருக்கும் நூற்று இருபத்தொரு பேரின் ரத்தமும் ஆர்.என்.ஏ. வாசிப்புக்கு. கவனிக்க வேண்டிய பதினொரு ஜீன்களின் பட்டியல் டாக்டர் யசோதராவே அனுப்பியிருக்கிறார். இறந்தவரின் ரத்தம் உதவாது, சீட்டுகளெல்லாம் அழிந்துவிட்டன.

இரண்டு சட்டி. இரண்டின் முதல் குழியிலும் நான். நின்றுகொண்டே விரலில் குத்தினேன். நூற்று இருபத்தொரு பேரின் உயிர் கையில் இருக்கும்போது உட்காரத் தோன்றுமா?

பெட்டியோடு தண்ணீர்க் கேன் நான்கு அனுப்பியிருந்தார்கள், வேலை அதிகம் என்று. நல்ல மனிதர்கள்.

நாள் 218. பிற்பகல் 2.15.

முடிவு வந்துவிட்டது. மூன்று முறை பார்த்தேன்.

பச்சை 112. சிவப்பு 9.

ஒன்பது பேரும் பசுமைக்கூடத்து ஆட்கள். ஒன்பதில் ஒன்று ஜெசி.

பட்டியலை அனுப்பும் பொத்தானை அழுத்த இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெயரை மட்டும் பச்சையாக்க எனக்குத் தெரியும். இதை வாசிப்பவர் என்னை எப்படி வேண்டுமானாலும் எடைபோடட்டும், நான் கை வைக்கவில்லை.

நாள் 219. காலை 11.00.

பூமியின் கடைசிச் செய்தி. பூமிக்கும் நமக்கும் நடுவே சூரியன் வந்து நிற்கிறது. நாள் 240வரை பூமியோடு ரேடியோ செத்தது.

செய்தி இதுதான். சிவப்பு ஒன்பது பேரையும் தனியே அடைக்கவும். நாள் 226, நண்பகல், அவர்களுக்கு மருந்து ஏற்றவும். மருந்து கடுமையானது, எலும்பு மஜ்ஜையைத் துடைத்துவிட்டுத்தான் கிருமியை எட்டும். நோயாளிக்கு வேறு வழியில்லாததால் கொடுக்கிறோம். நோய் இல்லாத உடம்பில் ஏற்றினால் மூன்றில் ஒருவர் பிழைக்க மாட்டார், எனவே பச்சை வந்தவர்களுக்குத் தவறியும் வேண்டாம்.

ஒன்பது பேரையும் விதைக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். நோய் செடியிலிருந்து வந்தது என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். தக்காளியைப் பிடுங்கி எறிகிறார்களாம்.

நாள் 222. காலை 10.10.

இன்று 412 சுற்று. எண்ணுவது உதவுகிறது. உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, நின்றுகொண்டு சாப்பிடுவது ஜீரணத்துக்கு நல்லதென்று எங்கோ படித்த ஞாபகம்.

ஜெசி பேசினாள். அவளுக்குத் தைரியம் சொல்ல நான் நினைத்திருந்தேன்.

"யப்பா, அழாதீய. நாங்க நல்லாத்தான் இருக்கோம். சீட்டு வெளையாடுதோம். நேத்து மூணு மணி நேரம் அசையாம உக்காந்து ரம்மி. நம்ம ஊரு சூசையப்பர் தாத்தா கணக்கா ஒருத்தர் உக்காந்தபடியே தூங்கிப் போயிட்டாரு."

கால் குறுகுறுக்கிறதா, நடக்கத் தோன்றுகிறதா என்று கேட்டேன்.

"அதான் இல்லையே! எங்களுக்குள்ள யாருக்கும் இல்ல. எனக்கே அதிசயமா இருக்கு. ஆனா ஒண்ணு யப்பா. கிடங்குக்குக் கண்ணாடிச் சுவரு இருக்குல்லா? அது வழியா நடைபாதை தெரியுது. வெளிய இருக்காவள்லா, அவியதான் நடக்காவ. காலைல இருந்து. போறாவ, வாராவ, போறாவ, வாராவ. ஒருத்தரும் நிக்கலப்பா. பாக்கவே பயமா இருக்கு."

ஃபிரீசர்வரை போய்த் திரும்பினேன்.

"யப்பா. நாற்காலிச் சத்தமே கேக்கல. நீங்க நின்னுக்கிட்டா இருக்கீய?"

நாள் 223. காலை 9.50.

சாப்பிடவில்லை. பழைய ஓட்டங்களின் கணக்கு எல்லாவற்றையும் தோண்டி எடுத்தேன். நன்றி டாக்டர், முதல் குழி விதிக்கு. பதினான்கு ஓட்டங்களில் பன்னிரண்டில் என் ரத்தம் இருக்கிறது. நூற்றைம்பது நாளுக்கு மேலாக என் உடம்பு என்னென்ன ஆர்டர் போட்டது என்று நானே அறியாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

பதினொரு ஜீன்களையும் எடுத்தேன்.

ஓட்டம் 3: நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, அந்த அளவு. ஓட்டம் 10வரை அதேதான். ஓட்டம் 11: நூற்றிருபது. ஓட்டம் 12: நானூறு. ஓட்டம் 14: தொள்ளாயிரத்து அறுபது.

நாற்பது தோசை கேட்ட மேஜை தொள்ளாயிரத்து அறுபது கேட்கிறது. ஐ.டி.ஐ. படித்தவனுக்குக்கூடப் புரியும்.

பிறகு ஜெசியின் கணக்கை எடுத்தேன். நாற்பத்திரண்டு. மற்ற எட்டுப் பேரும் நாற்பதை ஒட்டி. நூற்றுப் பன்னிரண்டு பேர் எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து நூறு.

கணினி பொய் சொல்லவில்லை. முதல் குழியோடு ஒத்துப்போகிறவன் பச்சை. முதல் குழியில் இருந்தது நோயாளி. என்னைப் போலவே நோய் வந்த நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நல்ல உடம்பு என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். ஆரோக்கியமான ஒன்பது பேரைப் பிடித்து அடைத்திருக்கிறேன். நாளை மறுநாளுக்கு மறுநாள், நண்பகல், அவர்களுக்கு மருந்து ஏற்றுவார்கள்.

தண்ணீர். புது வடிகட்டி. அவர்கள் குடித்தது, கேனில் எனக்கு வந்தது. சோம்பேறிகள் ஒன்பது பேர் மட்டும் குடிக்காதது.

ஒரு பிளக். ஒரே ஒரு பிளக்கைச் சொருகியிருந்தால். அல்லது அன்றைக்கே வெட்கத்தை விட்டுச் சொல்லியிருந்தால், டாக்டர் திட்டிவிட்டு, கொஞ்சம் ரத்தத்தை உறைய வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

கேன்களைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டேன். ஃபிரீசர் சுவரில் படியும் பனியைச் சுரண்டி உருக்கிக் குடிக்கிறேன். ஃபிரீசர் இப்போதுதான் எனக்கு உபகாரம் செய்கிறது.

நாள் 224. காலை 10.30.

பெருங்குடில் தலைவர் மோகனவல்லி. சேலத்துக்காரர், நேர்மையானவர், என்னைவிடப் பத்து வயது சிறியவர். எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பேசும்போது குரல் பெரிதாகிச் சின்னதாகிப் பெரிதானது. அறைக்குள் நடக்கிறார்.

"அருளப்பன் சார், ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஒம்பது பேர்ல உங்க பொண்ணு இல்லேன்னா இந்தப் பேச்சு வந்திருக்குமா?"

வந்திருக்காது என்றேன். அவள் சொல்லித்தானே எனக்கே புத்தி வந்தது.

"ஆறு மாசம் எங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சிருக்கீங்க. இன்னைக்கு, மருந்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, நல்லா இருக்கறவங்க எல்லாரும் சீக்காளி, சீக்காளிங்க எல்லாரும் நல்லவங்கன்னு சொல்றீங்க. நான் இதை நூத்துப் பன்னெண்டு பேர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? என்னங்க ஆதாரம்? நம்பரு நீங்க குடுக்கறதுதானே?"

அவர் சொல்வதில் தப்பில்லை. என் நம்பரை நானே நம்ப மாட்டேன். வேறு ரத்தம் கேட்கலாமென்றால் வடமேடு கதவைத் திறக்காது. அப்போது தோன்றியது. மேடம், உட்காருங்கள் என்றேன்.

"என்னது?"

பத்து நிமிடம். ஒரு நாற்காலியில். எழாமல். அவ்வளவுதான் ஆதாரம். நானும் இங்கே உட்காருகிறேன்.

"இதென்னங்க ஸ்கூல் பனிஷ்மென்ட்டு மாதிரி? சரி. உக்காந்துட்டேன். ஆரம்பிங்க."

கடிகாரத்தைப் போட்டேன். என் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் முதலில் சிரித்தார். ஒரு நிமிடத்தில் சேலம் மாம்பழம் பற்றிப் பேசினார். இரண்டாம் நிமிடத்தில் பேச்சு நின்றது. மேஜையில் விரல் தட்டும் சத்தம். மூன்றாம் நிமிடத்தில் என் தொடைக்குள் எறும்பு ஊர்கிறது, எலும்புக்குள்ளே ஊர்கிறது. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் நான் எழுந்துவிட்டேன். நான் எழுந்ததே எனக்குத் தெரியவில்லை, ஃபிரீசர் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரிந்தது.

ரேடியோவில் வெறும் மூச்சு. பிறகு நாற்காலி பின்னால் விழும் சத்தம். நான்கு நிமிடம் பத்து விநாடி.

"முடியலைங்கண்ணே."

இதுவரை என்னை அவர் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

"நான் எந்திரிக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். கால் எந்திரிச்சிருச்சு. தேவசகாயமும் இப்படித்தான்... இருங்க. மருந்தை நிறுத்தறேன். கிடங்குச் சாவியை இப்பவே ஜெசிந்தாகிட்டக் குடுக்கறேன். வெளிக்கதவு, கட்டுப்பாட்டு அறை எல்லாம் அந்த ஒம்பது பேர் கையில. நான் மனசு மாறறதுக்குள்ள குடுத்தர்றேன்."

நாள் 225. பிற்பகல் 12.40.

நடந்துவிட்டது. கிடங்கிலிருந்து ஒன்பது பேரும் வெளியே. நூற்றுப் பன்னிரண்டு பேரும் உள்ளே, ஒவ்வொருவரும் அவரவர் அறையில், வெளிப்பூட்டு. சிலர் தாமாகப் போனார்கள், சிலரைத் தள்ள வேண்டியிருந்ததாம். தக்காளி பிடுங்கியவர்களே கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஜெசியைக் கும்பிட்டார்களாம். முதல் முப்பது பேருக்கு இன்று முதல் மருந்து. மீதிக்கு மருந்து தயாராகிறது.

என் மகள் உயிரோடு இருக்கிறாள். இதைத் தனி வரியாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

"யப்பா, உங்களக் கூட்டிட்டு வர ரோவர் வருது. ஆனா இங்க ஒம்பது பேருக்கு நூத்துப் பன்னெண்டு பேரு. ரெண்டு பேர அனுப்ப மூணு நாளாவும். இருநூத்து இருபத்தெட்டாம் நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு உங்க வாசல்ல நிப்பேன். நானேதான் வருவேன். அதுவரைக்கும்..."

அதுவரைக்கும் என் வெளிக்கதவை அங்கிருந்தே பூட்டிவிடு என்றேன். நான் என்ன சொன்னாலும் திறக்காதே. நான் ரொம்ப நியாயமாகப் பேசினால் இன்னும் நன்றாகப் பூட்டு.

"நீங்க எப்பம்பா நியாயமாப் பேசியிருக்கீய?"

சிரித்தோம். பூட்டு விழும் சத்தம் இங்கே கேட்டது.

நாள் 227. காலை 8.00.

சுற்று எண்ணிக்கை விட்டுப்போனது.

உள்ளேயிருந்து கதவைத் திறக்க ஒரு வழி இருக்கிறது. பூட்டுக்கு மேலே ஒரு தகடு. நான்கு திருகு. ஆபத்துக்காக வைத்தது. நேற்று அந்தத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதற்குத் துடைத்தேன்?

டூல்பாக்ஸ் முழுவதையும் தண்டவாளப் பெட்டியில் வைத்துப் பெருங்குடிலுக்கு அனுப்பிவிட்டேன். ஸ்குரூடிரைவர், ஸ்பேனர், கத்தரி, இடுக்கி. கூடவே என் ரத்தம் ஒரு குழாய். ஐஸில் வைத்து, ஒழுங்காகச் சீட்டு ஒட்டி: "அருளப்பன். நோயாளி. ஒப்பீட்டுக்கு உதவாது."

கவச உடையையும் அனுப்பியிருக்க வேண்டும். உடை இருந்தால்தானே வெளியே போகத் தோன்றும் என்று நினைத்தேன். பிறகு தேவசகாயத்தின் ஞாபகம் வந்தது.

நாள் 227. மாலை 3.30.

நாற்பது கிலோமீட்டர்தான். நடந்தால் பத்து மணி நேரம். அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இது நோய் கேட்கிறதா, நான் கேட்கிறேனா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு சட்டியில் இரண்டு மாதிரியும் கலந்துவிட்டது. முதல் குழியில் வைத்து ஒப்பிட நல்ல அப்பன் ஒருவன் வேண்டும்.

நாள் 228. காலை 9.15.

ஜெசி ரேடியோவைத் திறந்தே வைத்திருக்கிறாள். மேடு பள்ளத்தில் ரோவர் நடைவேகத்தில்தான் ஊரும், அதற்குள் இருந்துகொண்டே கேட்கிறாள். நான் உட்கார்ந்தால் நாற்காலி கத்தும். அது கேட்டால் அவளுக்கு நிம்மதி.

"யப்பா, சத்தம் நின்னுபோச்சு. உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"யப்பா."

உட்கார்ந்தேன்.

"இன்னும் எட்டு மணி நேரம்தாம்பா. கதை சொல்லுங்க. ஐஸ் கம்பெனில சுறா மீன மறந்து வச்சுப் பூட்டுன கதை."

சொன்னேன். நடுவில் மூன்று முறை எழுந்தேன். அவள் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டாள். நல்ல பிள்ளை. என்னை மாதிரி இல்லை.

நாள் 228. பிற்பகல் 1.20.

வெளியே குளிர்விப்பு விசிறியில் சத்தம். மெல்லிய சத்தம். பேரிங். பதினேழு வருட அனுபவம், காது தப்பாது. விசிறி நின்றால் ஃபிரீசர் நிற்கும். ஃபிரீசர் நின்றால் மூன்று குடியிருப்பின் மாதிரிகளும் போகும். ஏற்கெனவே ஒருமுறை என்னால் போனது. இரண்டாம் முறை விடக் கூடாது. இது நோய் இல்லை, வேலை. ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடத்துக்குக் கவச உடை போடுவது வீண்.

நாள் 228. பிற்பகல் 1.50.

நாற்காலியைக் கதவோரம் இழுத்து வைத்துவிட்டேன்.

"யப்பா, உக்காந்திருக்கீயளா?"

உக்காந்திருக்கேம்மா என்றேன்.

"கேக்குது, கேக்குது. அப்படியே இருங்க. நாங்க பாதி தூரம் வந்தாச்சு."

இடது காலால் நாற்காலியை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கிரீச். கிரீச். எண்ணெய் விடாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. அவள் அங்கே ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள்.

பருப்புப்பொடிக் கரண்டியின் காம்பு தகட்டின் திருகில் சரியாகப் பொருந்துகிறது.

மூன்று கழன்றது.

கிரீச்.